கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா?

எங்கள் ஊர் வேளாங்கண்ணிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கடலை ஒட்டி இருக்கிறது. கடலுக்கும் எங்கள் தெருவுக்கும் இடையில் ஒரு மணல்மேடும் நாலைந்து வரிசை சவுக்கும்தான். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்கு 19 வயது. சித்தி அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருந்தாள். போட்டுகள் கரை சேர்ந்து ஏலம் விடுகிற நேரம் அது. ஆண்களில் பாதிப் பேர் இன்னும் கடலில் இருந்தார்கள். ஆழத்தில் இருந்த போட்டுகளுக்கு அலை வந்ததே தெரியவில்லை. கரையில் கூடையோடு நின்ற பெண்களும் மணலில் விளையாடிய பிள்ளைகளும்தான் மாட்டிக்கொண்டார்கள்.

சித்தி நன்றாக நீந்துவாள். மறுநாள் சீமைக்கருவேலங் காட்டில் அவளைக் கண்டெடுத்தபோது முந்தானை முள்ளில் மூன்று சுற்று சுற்றியிருந்தது. அந்தப் புடவையை அறுத்துத்தான் அவளை எடுத்தார்கள். அறுத்தவர்களில் நானும் ஒருத்தி.

கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் இறந்த பெண்களின் எண்ணிக்கை ஆண்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று பிற்பாடு ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அன்று சுமத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியபோது நம் கடிகாரத்தில் காலை 6 மணி 29 நிமிடம். எங்கள் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்திலேயே நிலநடுக்கத்தைக் கண்டு அறிக்கை அனுப்பிவிட்டது. ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கான ஏற்பாடு. இந்தியப் பெருங்கடலில் அந்தச் செய்தியை வாங்கி அடுத்தவருக்குச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. அதே காலை புதுச்சேரி நல்லவாடு கிராமத்தில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் ஒருவன் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தான். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. மீனவர்களுக்கு அலை உயரம் சொல்வதற்காக வைத்தது. அதில் சொன்னார்கள், ஏறக்குறைய 3,600 பேர் உள்ள ஊர் தப்பித்தது. ஒரு போன், ஒரு மைக். எங்கள் ஊரிலும் மைக் இருந்தது. கோயில் திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுப்பார்கள்.

அடுத்த மாதமே, 2005 ஜனவரியில், ஜப்பானின் கோபே நகரத்தில் உலக நாடுகள் கூடிப் பேரிடர் அபாயத்தைக் குறைப்பது பற்றிப் பேசின. அப்புறம் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் முன்னின்று இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. ஐதராபாத்தில், கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் சுனாமி மையம் 2007இல் தொடங்கியது. இப்போது இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்தக் கடலைச் சுற்றியுள்ள எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை தருகின்றன. இவ்வளவும் நல்லபடி நடந்தது. நான் சொல்ல வந்தது, ஐதராபாத்திலிருந்து கிளம்பிய செய்தி எங்கள் தெருவுக்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்பதை.

2012 ஏப்ரல் 11, பிற்பகல் 2 மணி சுமாருக்கு சுமத்ராவுக்கு மேற்கே மறுபடி நிலநடுக்கம். அளவு 8.6. செய்தி சரியாக வந்து சேர்ந்தது. போலீஸ் ஜீப் மைக்கோடு ஊருக்குள் வந்தது. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை கிளம்பவில்லை, சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை. மெயின் ரோடு முழுக்க டிராக்டரும் பைக்கும் மாட்டிக்கொண்டு நின்றன. ரேஷன் கார்டு எங்கே என்று டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் கிளம்பவே இல்லை. "அவுங்க கடலுக்குப் போயிருக்காங்க, கேக்காம எப்புடிக் கிளம்புறது?" என்றார்கள். சுனாமியில் மாமியாரைப் பறிகொடுத்த வீடு அதில் ஒன்று.

அப்போது நான் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தேன், ஊர்ப் பேரிடர் குழுவிலும் பெயர் இருந்தது. பெயர் என்றால் பெயர்தான். குழு கூடுவது வருடத்துக்கு ஒரு முறை, போட்டோ எடுப்பதற்கு.

2016 பிப்ரவரியில் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பகுதியிலிருந்து 6 பேரை வங்கதேசத்துக்கு அழைத்துப்போனது. இதற்கு முன் வேறு இரண்டு பயணங்கள் வேறு நாடுகளுக்குப் போனதாகக் கேள்வி. போனவர்கள் யாரும் எங்கள் ஊருக்கு வந்து என்ன பார்த்தோம் என்று சொன்னதில்லை. இந்த முறை இரண்டு மீனவர்கள், ஒரு வார்டு உறுப்பினர், இரண்டு பெண்கள், நிறுவனத்து ஊழியர் ஒருவர். நாங்கள் போன இடம் காக்ஸ் பஜாருக்கு வடக்கே கடலோரக் கிராமம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எங்களில் ஒருவர், "இது நம்ம வேதாரண்யம்மா" என்றார். கண்ணுக்கெட்டிய வரை உப்பளம். பாத்தியில் கருப்புப் பிளாஸ்டிக் விரித்து அதன்மேல் உப்பை விளைய வைக்கிறார்கள். கருப்பின் மேல் வெள்ளை, மண் ஒட்டாத உப்பு. எங்களோடு வந்த மீனவரின் மச்சான் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். முதல் அரை மணி நேரம் அந்தப் பிளாஸ்டிக் எத்தனை கனம், எத்தனை வருடம் வரும் என்று கேட்பதிலேயே போய்விட்டது. புயல் பற்றிப் பேச வந்த இடத்தில் இப்படி ஆகிறதே என்று ஊழியருக்குக் கவலை. எனக்கு அந்த அரை மணி நேரம்தான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது என்று தோன்றுகிறது. அதற்கு மேல் யாரும் யாரையும் விருந்தாளியாகப் பார்க்கவில்லை.

வங்கதேசத்தின் புயல் ஆயத்தத் திட்டம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970 நவம்பரில் அந்தக் கரையில் அடித்த போலா புயலில் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் பேர் இறந்தார்கள். செம்பிறைச் சங்கமும் அனைத்துலகச் செஞ்சிலுவை அமைப்பும் சேர்ந்து 1972இல் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கின. அடுத்த ஆண்டு அரசும் அதில் இணைந்தது. ஊர் ஊராக ஒரு குழு. நான் போனபோது ஒரு குழுவில் 15 பேர், அதில் 5 பேர் பெண்கள். பிற்பாடு அதை 20 ஆக்கி, 10 ஆண் 10 பெண் என்று மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

எங்களுக்கு எல்லாவற்றையும் காட்டியவர் அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை ஆபா என்று கூப்பிட்டேன், அங்கே அக்காவுக்கு அதுதான் சொல். அவர் என்னை தீதி என்றார். அவர் பேசுவதை டாக்காவிலிருந்து வந்த கல்லூரிப் பெண் ஆங்கிலத்தில் சொல்ல, எங்கள் ஊழியர் தமிழில் சொல்வார். ஆனால் ஆபா கையில் மெகாபோனை எடுத்து எப்படி அறிவிப்பார் என்று நடித்துக் காட்டியபோது மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "மொஹாபிபோத் ஷொங்கேத்!" மகா விபத்து, சங்கேதம். எங்கள் ஆறு பேருக்கும் உடம்பு சிலிர்த்தது.

அந்த மெகாபோனை அவர் வீட்டு உத்திரத்தில் துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பேட்டரி உள்ளே இல்லை. நாளாவட்டத்தில் பேட்டரி கசிந்து மெகாபோன் பாழாகும் என்று தனியாகப் பிளாஸ்டிக்கில் சுற்றி, பக்கத்திலேயே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். வருடத்துக்கு இரண்டு புயல் பருவம், இரண்டுக்கும் முன்னால் பேட்டரியைப் போட்டு ஊதிப் பார்ப்பாராம். ஊருக்கு வந்ததும் எங்கள் கோயில் மைக்செட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது.

சங்கேத எண்கள் எங்களுக்கும் புதிதில்லை. நாகப்பட்டினம் துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றினார்கள், 5ஆம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று சின்ன வயதிலிருந்து ரேடியோவில் கேட்கிறோம். அங்கேயும் அதே 1 முதல் 11 வரை, வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்துக் கப்பல்களுக்காக ஏற்படுத்தியது. கப்பல்களுக்கு என்பதால் அதில் ஒரு சங்கடம் உண்டு. 8, 9, 10 மூன்றும் ஒரே அளவு பெரும் ஆபத்து. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். அதுவரை எங்கள் ஊரில் எல்லாரும் 8ஐ விட 10 மோசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். வங்கதேசத்தில் இதைக் கொடியாக மாற்றியிருக்கிறார்கள். 4 என்றால் ஒரு கொடி, 5 முதல் 7 வரை இரண்டு கொடி, 8 முதல் 10 வரை மூன்று கொடி. மூன்று கொடி பறந்தால் பேச்சு கிடையாது, கிளம்ப வேண்டும். படிக்கத் தெரியாத கிழவியும் மூன்று வரை எண்ணுவாள்.

பிறகு பாதுகாப்பு மையத்தைப் பார்க்கப் போனோம். கீழே தூண்கள் மட்டும், தண்ணீர் புகுந்து வெளியேறட்டும் என்று. மேலே பள்ளிக்கூடம் நடக்கிறது. வார்டு உறுப்பினர் தூண் எத்தனை அடி, எவ்வளவு செலவு என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஆபா என் கையைப் பிடித்து நேராகப் பின்பக்கம் கூட்டிப்போனார். கழிப்பறை. கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டு, திறந்து, மறுபடி போட்டுக் காட்டினார். "உங்கள் ஊர் மையத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா?" அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பல்நோக்குப் பேரிடர் மையத்துக்குள் நான் ரிப்பன் வெட்டிய நாளன்று போனதோடு சரி.

அதற்கான காரணத்தை அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னார். 1991 ஏப்ரல் 29 இரவு அந்தக் கரையில் அடித்த புயலில் ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தார்கள். அப்போது ஆபாவுக்கு 11 வயது. 10ஆம் எண் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் முன்னால் இரண்டு மூன்று முறை இப்படிச் சொல்லி ஒன்றும் வரவில்லை. அப்பா ஊரில் இல்லை. ஆண்கள் கூட்டமாக இருக்கும் கட்டடத்தில், மறைவு இல்லாத இடத்தில், ராத்திரி எப்படித் தங்குவது என்று அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டார். தண்ணீர் வந்தது. அம்மாவுக்கு நீண்ட கூந்தல். மரக்கிளையில் சிக்கிக்கொண்டது. ஆபா இதைச் சொல்லும்போது அவர் கை தன் கொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

அந்தப் புயலில் 20 முதல் 44 வயதுக்குள் ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்ததாகவும், ஆண்களில் 15 பேர் என்றும் கணக்கு எடுத்திருக்கிறார்கள். நான் சித்தியைப் பற்றிச் சொன்னேன். முந்தானை என்று சொல்ல வரவில்லை, எடுத்துக் காட்டினேன். அந்தக் கல்லூரிப் பெண் மொழிபெயர்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரி அவர் சொன்ன இரண்டு விஷயங்களைச் செல்போனில் பதிந்துகொண்டேன். முதலாவது மாடு. மாட்டை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள், ஆகவே மாட்டுக்கு இடம் செய்யாமல் மனிதரைக் கூப்பிடாதே. அங்கே 'கில்லா' என்று மேடு கட்டி வைத்திருக்கிறார்கள், வெறும் மண்மேடுதான், புயல் நாளில் மாடும் ஆடும் அதில் ஏறி நிற்கும். இரண்டாவது காற்று. "காற்று ஓயும். நட்சத்திரம்கூடத் தெரியும். எல்லாரும் முடிந்தது என்று வெளியே ஓடுவார்கள். அது முடிவில்லை தீதி, அது நடு. கதவுக்குக் குறுக்கே நீ படுத்துக்கொள்." புயலின் கண் தலைக்கு மேல் கடக்கும் நேரம் அது. கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று திரும்பும், முதலில் அடித்ததில் ஆட்டம் கண்ட சுவர் அப்போதுதான் விழும்.

நாங்களும் வெறுங்கையோடு போகவில்லை. நில அதிர்வு வந்த பின் கடல் உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகக்கூடாது என்று நாங்கள் சொன்னபோது அந்த ஊர் மீனவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். புயலை அவர்கள் அறிந்த அளவு சுனாமியை அறியவில்லை. எங்கள் மீனவர் மணலில் குச்சியால் கோடு போட்டு, கடல் எவ்வளவு தூரம் போனது, எத்தனை நிமிடத்தில் திரும்பியது என்று காட்டினார். சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமேலூ என்ற தீவில் 1907இல் சுனாமி வந்ததை 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லாகத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2004இல் அத்தனை பக்கத்தில் இருந்தும், 70 ஆயிரத்துக்கு மேல் ஜனம் உள்ள தீவில் 7 பேர்தான் இறந்தார்கள். இதையும் எங்கள் ஊழியர் சொன்னார். ஆபா அந்தச் சொல்லை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பி அப்பாயியிடம் காற்று ஓய்வதைப் பற்றிச் சொன்னேன். அப்பாயிக்கு அப்போது 80 வயதுக்கு மேல். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "77 புயல்ல அப்புடித்தான். நின்ன காத்து திரும்புச்சு. ஒங்க தாத்தா கன்னுக்குட்டிய அவுக்கப் போனவரு அப்பத்தான் சொவத்துக்கு அடியில போனாரு" என்றாள். தாத்தா 77 நவம்பர்ப் புயலில் செத்தார் என்று எனக்குத் தெரியும். எப்படிச் செத்தார் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அந்த அறிவு எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே 39 வருடம் உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்கத் தோன்றுவதற்கு நான் கடல் தாண்டிப் போய் இன்னொருத்தியின் கதையைக் கேட்க வேண்டியிருந்தது. அந்த வாரமே நாங்கள் இரண்டு பெண்கள் வீடு வீடாகப் போய் 52 புயல், 77 புயல் பார்த்த கிழவிகளிடம் கேட்டுப் போனில் பதிய ஆரம்பித்தோம். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த மேடு மூழ்கவில்லை, எந்த வாய்க்கால் முதலில் நிரம்பியது என்று அவர்கள் விரலால் காட்டினார்கள். அதை வைத்துத்தான் எங்கள் ஊர் வரைபடத்தைத் திருத்தினோம். முந்தைய வரைபடத்தில் பாதுகாப்பான வழி என்று காட்டியிருந்த பாதை ஒரு வாய்க்காலைக் கடந்து போனது.

இரண்டு வருடம் கழித்து கஜா வந்தது. இந்தப் பெயரை வைத்தது இலங்கை. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் வரும் புயல்களுக்குச் சுற்றியுள்ள நாடுகள் முறைவைத்துப் பெயர் தருகின்றன. கணித்து எல்லா நாட்டுக்கும் சொல்வது டெல்லியில் உள்ள மண்டல மையம். ஆக, காக்ஸ் பஜாரில் ஆபாவுக்கும் எங்களுக்கும் புயல் செய்தி ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

2018 நவம்பர் 15 மத்தியானமே நாங்கள் கிளம்ப வைத்துவிட்டோம். அரசு தரப்பிலும் முழு மூச்சாக வேலை நடந்தது. எங்கள் பங்கு வாசற்படியிலிருந்து மையம் வரை. பட்டியல் கையில் இருந்தது: எந்த வீட்டில் நடக்க முடியாதவர், எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் ஆண் வெளியூரில். பெண்கள் உள்ள வீட்டுக்குப் பெண்தான் போனோம். "மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம்" என்று சொல்லவில்லை. "ஓட்டு வீடு நிக்காது, சீமை ஓடு பறக்கும்" என்று சொன்னோம். புடவையை நைட்டியாகவோ சுடிதாராகவோ மாற்றிக்கொள்ளுங்கள், தலையை இறுக்கிக் கொண்டை போடுங்கள் என்றபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, வாசல் நிலைக்கு மேல் ஆணியில் மாட்டி வைக்க ஐப்பசி பிறந்ததுமே சொல்லியிருந்தோம். பெரும்பாலான வீடுகளில் பை தயாராக இருந்தது. டிரங்குப் பெட்டி கவிழவில்லை.

சாயங்காலம் வரும் என்ற புயல் வரவில்லை. 7 மணி, 8 மணி, 9 மணி. மழைத் தூறல்தான். மையத்தில் புழுக்கம், பிள்ளைகள் அழுகை. ஆண்கள் சிலர் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள். ஆட்டுக்கு மேடு ஏற்பாடு செய்யாமல் விட்டது எங்கள் தவறு. குறிப்பில் முதலாவதாக இருந்த விஷயம், இடம் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட்டோம். நாலு பேர் ஆட்டைப் பார்க்கப் போயே போய்விட்டார்கள். அவர்களை இழுத்து வந்து சேர்ப்பதற்குள் 11 மணி.

நள்ளிரவுக்கு மேல் அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்ததும் பெண்கள் பிள்ளைகளை நடுக்கூடத்துக்கு இழுத்தார்கள். ரொம்ப நேரம் கழித்துச் சட்டென்று நின்றது. காதே அடைத்துக்கொண்டதுபோல ஓர் அமைதி. "முடிஞ்சுது, போட்டப் பாத்துட்டு வந்துருவோம்" என்று நாலைந்து பேர் டார்ச்சோடு எழுந்தார்கள். நான் போய்க் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்தேன். ஆபா படுத்துக்கொள் என்றார், எனக்கு உட்காரத்தான் தைரியம் வந்தது. "அண்ணே, இது நடு. திரும்பி வரும்." ஒருவர் கோபமாகத் திட்டினார். அப்போது மூலையில் போர்வைக்குள்ளிருந்து அப்பாயி குரல் கொடுத்தாள்: "எங்க வூட்டுக்காரரும் இப்புடித்தான்டா போனாரு. உக்காருங்கடா." அவள் சொன்னதும் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் இருக்கும், காற்று மறுபக்கமிருந்து வந்தது. மையத்துக்கு எதிரே இருந்த ரேஷன் கடைச் சுவர் அந்தக் காற்றில்தான் விழுந்தது. போட்டுக்குப் போகிற வழி அந்தச் சுவர் ஓரமாகத்தான்.

விடிந்து பார்த்தால் தென்னை ஒன்றுகூட நேராக இல்லை. கரை முழுக்கக் கடல் சேறு, முழங்கால் ஆழம். போட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. ஆடுகள் போய்விட்டன. ஊரில் ஓர் உயிர் போகவில்லை. அன்று மத்தியானம் சிக்னல் கிடைத்த இடத்துக்கு நடந்து போய் ஆபாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். தமிழில்தான் பேசினேன், அழுதுகொண்டே. அவருக்குப் புரிந்தது.

இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து இப்படிப் பயணம் போகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். கதவைத் தட்டப் போகிற ஆள்தான் பயணத்துக்கும் போக வேண்டும் என்று முதலில் சொல்வேன். அறிக்கை எழுதுகிறவர் மட்டும் போனால் அறிக்கைதான் வரும். ஒரே தொழில்காரர்களாகப் பார்த்து உட்கார வையுங்கள். மீனவரும் மீனவரும், உப்பளத்தாரும் உப்பளத்தாரும். மொழி இல்லாமலே பாதி நடந்துவிடும். எது நன்றாக நடந்தது என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் கிடைக்கும். எது தப்பிப் போனது, யார் வராமல் இருந்தார்கள், ஏன் வரவில்லை என்று கேளுங்கள், அப்போதுதான் ஆபா மாதிரி ஒருவர் படிக்கட்டில் உட்காருவார். தூண் எத்தனை அடி என்பது புத்தகத்தில் கிடைக்கும். திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட்டால் மறந்துபோகும், நான் ஆட்டை மறந்த மாதிரி. முக்கியமாக, போன் நம்பர் வாங்கி வாருங்கள். எட்டு நாள் பயணத்தைவிட அதற்கப்புறம் வந்த வாய்ஸ் மெசேஜ்களில் நான் கற்றது அதிகம்.

2020 மே மாதம் ஆம்பன் புயல் வங்காளத்தை நோக்கிப் போனபோது ஆபாவுக்குப் போன் செய்தேன். கொரோனா நேரம். பின்னால் மெகாபோன் கத்திக்கொண்டிருந்தது, 9ஆம் எண் என்று காதில் விழுந்தது. "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து நீளமான மெசேஜ் வந்தது. டாக்காப் பெண் இப்போது வேலையில் இருக்கிறாள், அவளிடம் கொடுத்து அர்த்தம் வாங்கினேன். மையத்தில் கூட்டம் சேராமல் இருக்கப் பள்ளிக்கூடங்களையும் திறந்தார்களாம், வாசலில் சோப்பும் தண்ணீரும் வைத்தார்களாம், காய்ச்சல் உள்ளவர்களுக்குத் தனி அறையாம். தரையில் குடும்பத்துக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டிருந்தார்கள்.

அதே வருடம் நவம்பரில் எங்கள் பக்கம் நிவர் புயல் என்றார்கள். முதல் நாளே மையத்தின் தரையில் சுண்ணாம்பில் கட்டம் போட்டோம். கட்டத்துக்குள் வீட்டுத் தலைவி பெயரை எழுதினோம். வாசலில் பக்கெட்டும் சோப்பும். இந்த முறை ஆடுகளுக்குப் பள்ளிக்கூட மைதானத்து மேட்டில் கயிறு கட்டி இடம் பிரித்திருந்தோம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஆபாவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு ஒரே வரிதான் பதில் போட்டார்: "கதவுக்குத் தாழ்ப்பாள்?"

போய்ப் பார்த்தேன். நாலு கழிப்பறையில் ஒன்றில் தாழ்ப்பாள் துருப்பிடித்து உடைந்திருந்தது. கடைகள் அடைத்துவிட்டார்கள். வலை பின்னுகிற நைலான் கயிற்றைக் கதவின் ஓட்டையில் கோத்து, உள்ளே ஆணி அடித்து, சுற்றிக் கட்டுகிற மாதிரி செய்தோம். நானே உள்ளே போய்க் கட்டிப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து இழுக்கச் சொன்னேன். திறக்கவில்லை.